பூனையின் ஈறு பழுப்பாகிவிட்டால்: எந்தச் சிகிச்சை முதலில், எது அப்புறம்

பூனைக்கு உடம்பு சுடுகிறதே என்று அரை பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிட்டு, சில மணி நேரத்தில் முகம் வீங்கி மூச்சிரைக்கும் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுவதில் பயனில்லை, கைக்குழந்தைக்கே கொடுக்கும் மருந்து பூனையைக் கொன்றுவிடும் என்று யாருக்குத்தான் தானாகத் தோன்றும். அந்த நேரத்தில் முன்னால் நிற்கும் கேள்விகள் வேறு. என்-அசிட்டைல்சிஸ்டைன் என்ற விஷமுறிவு மருந்தைக் (மருத்துவர்கள் சுருக்கமாக என்ஏசி என்பார்கள்) கொடுப்பதா, மெத்திலீன் புளூ என்ற நீலச் சாய மருந்தைப் போடுவதா, ஆக்சிஜன் மட்டும் போதுமா, ரத்தம் ஏற்ற வேண்டுமா, பக்கத்துச் சின்ன கிளினிக்கா, தூரத்துப் பெரிய மருத்துவமனையா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமால்தான் காரணம் என்றால் என்ஏசி முதலில். மெத்திலீன் புளூ, உயிர் ஊசலாடும்போது, ஒரே ஒரு டோஸ். ஆக்சிஜன் எல்லாப் பூனைக்கும் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. ரத்தம் பெரும்பாலும் அடுத்தடுத்த நாட்களின் பிரச்சினை, சில சமயம் முதல் நாளே தேவைப்படும். ஏன் இந்த வரிசை என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். அளவுகளையும் சொல்லியிருக்கிறேன், ஆனால் அது வீட்டில் ஊசி போடுவதற்கு இல்லை, மருத்துவர் பேசும்போது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

இந்த நோயின் பெயர் மெத்ஹீமோகுளோபினீமியா. ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது, ஆக்சிஜன் அதில்தான் ஒட்டிக்கொண்டு பயணம் போகிறது. சில வேதிப்பொருட்கள் பட்டால் அந்த இரும்பு ஒரு எலக்ட்ரானை இழந்து, துரு ஏறியது போல ஆகி, ஆக்சிஜனைப் பிடிக்கும் தன்மையை இழந்துவிடும். இப்படி மாறியதுதான் மெத்ஹீமோகுளோபின். இதில் இன்னொரு கெடுதலும் உண்டு: பக்கத்தில் மாறாமல் இருக்கும் ஹீமோகுளோபின், தான் சுமந்து வந்த ஆக்சிஜனைத் திசுக்களுக்கு இறக்கிவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நுரையீரல் நன்றாகவே இருந்தும் பூனை மூச்சுக்குத் திணறுகிறது. மொத்த ஹீமோகுளோபினில் 20 சதவீதம் போல மாறியவுடன் அறிகுறிகள் தெரிய ஆரம்பிக்கும், 50 சதவீதத்தைத் தாண்டினால் பூனை சரிந்து படுத்துவிடும், 70, 80 என்று போனால் பிழைப்பது அரிது.

பூனைக்கு மட்டும் ஏன் இவ்வளவு மோசமாகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள். பாராசிட்டமாலைப் பிரித்து வெளியேற்ற மனித ஈரல் பயன்படுத்தும் முக்கியமான நொதி பூனையின் ஈரலில் வேலை செய்வதில்லை, அந்த மரபணுவே பூனைகளில் செத்துப்போன ஒன்று. அடுத்தது ஹீமோகுளோபினின் அமைப்பு. ஆக்சிஜனேற்றத்தால் எளிதில் தாக்கப்படும் கந்தகக் குழுக்கள் மனித ஹீமோகுளோபினில் 2, நாயுடையதில் 4, பூனையுடையதில் 8. அங்கே அடிபட்ட ஹீமோகுளோபின் சுருண்டு சிறு உருண்டைகளாகிச் சிவப்பணுவின் ஓரத்தில் ஒட்டும். ஹெய்ன்ஸ் உருண்டை என்று பெயர். அப்படிப்பட்ட சிவப்பணுவை உடல் அழித்துவிடும். அதாவது முதல் நாள் மூச்சுத்திணறல், அடுத்த இரண்டு மூன்று நாட்களில் ரத்தசோகை, இரண்டும் ஒரே விஷத்தின் வேலை. சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டாவது கட்டத்தை மறந்தால்தான் சிக்கல்.

அளவைப் பற்றி ஒரு வரி. கிலோவுக்கு 10 மில்லிகிராம் பாராசிட்டமாலிலேயே பூனைகளுக்கு விஷ அறிகுறி வந்ததாகப் பதிவு இருக்கிறது. 4 கிலோ பூனைக்கு ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் கிலோவுக்கு 125. பூனைக்குப் பாதுகாப்பான பாராசிட்டமால் அளவு என்று எதுவும் கிடையாது.

சரி, இதுதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது சேறு கலந்த பழுப்பாகவோ, கருநீலமாகவோ, சாம்பல் பூத்தோ இருக்கும். ஈறே கறுப்பாக இருக்கும் பூனைகளும் உண்டு, அவற்றில் நாக்கையோ கீழ் இமையின் உட்பக்கத்தையோ பார்க்க வேண்டும். முகமும் முன்னங்கால் பாதங்களும் வீங்கியிருந்தால் பாராசிட்டமால் என்று பாதிக்கு மேல் உறுதியாகிவிடும். கிளினிக்கில் செய்யும் சோதனை இன்னும் எளிது. வெள்ளைக் காகிதத்தில் பூனையின் ரத்தம் ஒரு சொட்டு, பக்கத்திலேயே ஆரோக்கியமான வேறொரு விலங்கின் ரத்தம் ஒரு சொட்டு. காற்றுப் பட்டவுடன் நல்ல ரத்தம் பளிச்சென்று சிவக்கும், மெத்ஹீமோகுளோபின் கூடிய ரத்தம் எவ்வளவு நேரம் ஆனாலும் காப்பிக்கொட்டை நிறத்திலேயே கிடக்கும். சுமார் 10 சதவீதம் மாறியிருந்தாலே இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

கருவி என்றதும் ஒரு எச்சரிக்கை. விரல் நுனியில் மாட்டுவோமே, அந்தப் பல்ஸ் ஆக்சிமீட்டரை இந்த நோயில் நம்பவே கூடாது. மெத்ஹீமோகுளோபின் அதிகமாக இருக்கும்போது உண்மை நிலை என்னவாக இருந்தாலும் அது 85-ஐ ஒட்டியே காட்டிக்கொண்டிருக்கும். '85 இருக்கிறது, ஆக்சிஜன் வைத்தால் ஏறிவிடும்' என்று யாராவது சொன்னால், ஈறின் நிறம் மாறியதா என்று திருப்பிக் கேளுங்கள். சரியாக அளக்கக் கோ-ஆக்சிமீட்டர் என்ற கருவி வேண்டும், அது பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது என்ன என்று பார்த்தால் பட்டியல் ரொம்பச் சின்னது. வாந்தி எடுக்க வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பூனைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கக் கூடாது, இரைப்பை புண்ணாகி ரத்தம் கசியும். உப்புத் தண்ணீரும் கூடாது. மருத்துவரிடம் ஊசி மூலம் வாந்தி எடுக்க வைக்கலாம், அதுவும் மாத்திரை உள்ளே போய் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், பூனை இன்னும் தெம்பாக இருந்தால் மட்டும். பாராசிட்டமால் ரொம்ப வேகமாக உறிஞ்சப்படும், மூச்சிரைக்க ஆரம்பித்த பிறகு வயிற்றில் எடுப்பதற்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது, திணறும் பூனையை வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போகும் அபாயம்தான் மிச்சம். வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எது, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று மாத்திரை அட்டையோடு எடுத்துக்கொண்டு, கிளம்பும்போதே மருத்துவருக்குப் போன் போட்டு 'என்ஏசி இருக்கிறதா?' என்று கேட்பது.

இனி மருந்துகளுக்கு வருவோம்.

ஆக்சிஜன் முதலில் ஆரம்பிக்கப்படும், ஏனென்றால் அதற்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. ஆனால் அது செய்வது என்ன என்பதில் தெளிவு வேண்டும். கெட்டுப்போன ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சரிசெய்யாது. மீதமிருக்கும் நல்ல ஹீமோகுளோபினை முழுதாக நிரப்பும், பிளாஸ்மாவில் (ரத்தத்தின் நீர்ப்பகுதியில்) கொஞ்சம் கூடுதலாகக் கரையும், அவ்வளவுதான். மற்ற மருந்துகள் வேலை செய்யும் வரை நேரம் வாங்கித் தரும் வேலை அதனுடையது. கூண்டுக்குள் ஆக்சிஜன் விடுவது, முகத்தில் மாஸ்க் அழுத்துவதைவிட நல்லது, மாஸ்க்கைக் கண்டு மிரண்டு துள்ளும் பூனை இருக்கிற ஆக்சிஜனையும் செலவழித்துவிடும். இதே காரணத்துக்காக எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பொறுத்துச் செய்யலாம்.

என்ஏசிதான் பாராசிட்டமாலுக்கு உண்மையான விஷமுறிவு மருந்து. சளி கரைக்க மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். செல்லுக்குள் குளுட்டதயோன் என்று ஒரு பாதுகாப்புப் பொருள் இருக்கிறது, பாராசிட்டமாலின் விஷக் கழிவுகளைப் பிடித்துச் செயலிழக்கச் செய்வது அதுதான். பூனையில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். குளுட்டதயோன் செய்வதற்கான மூலப்பொருளை என்ஏசி கொடுக்கிறது, கூடவே பூனையின் ஈரலுக்கு மிச்சமிருக்கும் இன்னொரு வழிக்கும் (மருந்தோடு சல்பேட்டைச் சேர்த்து வெளியேற்றுவது) சரக்கு தருகிறது. ஆக, இது ஒரே சமயத்தில் சிவப்பணுவையும் ஈரலையும் காப்பாற்றுகிறது, விஷத்தின் வேரிலேயே கைவைக்கிறது. மற்ற எந்த மருந்தும் இதைச் செய்வதில்லை, அதனால்தான் இதற்கு முதலிடம்.

அளவு: முதலில் கிலோவுக்கு 140 மில்லிகிராம், ரொம்ப மோசமான நிலையில் 280 வரை, அப்புறம் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 70, குறைந்தது 7 தடவை என்பது வழக்கம். 4 கிலோ பூனைக்கு முதல் டோஸ் 560 மில்லிகிராம், 20 சதவீதக் கரைசலில் 2.8 மில்லி வரும், அதை 5 சதவீதமாக நீர்க்கவைத்து நரம்பில் மெதுவாக, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றுவார்கள். வேகமாகத் தள்ளினால் வாந்தியும் ரத்த அழுத்தம் இறங்குவதும் வரும். வாய்வழியும் கொடுக்கலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் இந்தக் கரைசலை எந்தப் பூனையும் மரியாதையாக விழுங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை, நுரை தள்ளும், பாதியைத் துப்பும். மூச்சிரைக்கும் பூனையின் வாயில் வலுக்கட்டாயமாக ஊற்றுவது ஆபத்தும்கூட. இன்னொன்று, விஷத்தை உறிஞ்சட்டும் என்று மருத்துவர் மருந்துக் கரி கொடுத்திருந்தால் அது வயிற்றில் என்ஏசியையும் சேர்த்து உறிஞ்சிவிடும், அதனால் இரண்டுக்கும் இடையில் இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டியிருக்கும். நரம்புவழி கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. என் ஓட்டு நரம்புவழிக்குத்தான், ஊசி ஏற்ற ஆள் இல்லாத இடத்தில் மட்டும் வாய்வழி.

குறை என்னவென்றால், என்ஏசி உடனடி மாயம் காட்டாது. மெத்ஹீமோகுளோபின் குறைவது மணிக்கணக்கில் நடக்கும். ஈறு சாக்லேட் நிறத்தில் இருக்க, பூனை படுத்துக் கிடக்க, அந்த மணிக்கணக்கு நம்மிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இங்கேதான் மெத்திலீன் புளூ உள்ளே வருகிறது.

மெத்திலீன் புளூ நேராக அந்தக் கெட்டுப்போன இரும்பையே திருப்புகிறது. சிவப்பணுவுக்குள் சாதாரணமாகச் சும்மா கிடக்கும் ஒரு நொதி இந்தச் சாயத்தை எடுத்து நிறமற்ற வடிவமாக மாற்றும், அந்த வடிவம் இரும்புக்கு எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கும். அரை மணி நேரம், ஒரு மணி நேரத்தில் ஈறின் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். மனிதர்களுக்கு இதுதான் முதல் மருந்து. அப்படியென்றால் பூனைக்கும் இதையே முதலில் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான், ஆனால் பூனையின் ஹீமோகுளோபினில் அந்த 8 கந்தகக் குழுக்கள் இருக்கின்றனவே. இதே சாயம் கொஞ்சம் அதிகமானால் தானே ஆக்சிஜனேற்றியாக மாறி ஹெய்ன்ஸ் உருண்டைகளை உண்டாக்கும். ஒரு காலத்தில் சிறுநீர்க் கிருமிநாசினி மருந்துகளில் இந்தச் சாயம் கலந்திருந்தது, அவற்றைத் தொடர்ந்து சாப்பிட்ட பூனைகளுக்கு ரத்தசோகை வந்தது, அதிலிருந்துதான் 'பூனைக்கு மெத்திலீன் புளூ ஆகவே ஆகாது' என்ற விதி பரவியது. அந்த விதி இப்போது தளர்ந்துவிட்டது. கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம், ஒரே ஒரு முறை, மெதுவாக நரம்பில் போட்டால் பூனை பொதுவாகத் தாங்கும் என்பதுதான் இப்போதைய நிலை.

4 கிலோ பூனைக்கு அது எவ்வளவு என்று பாருங்கள்: 1 சதவீதக் கரைசலில் வெறும் 0.4 முதல் 0.6 மில்லி. மருந்துக் குப்பி அரை சதவீதமா ஒரு சதவீதமா என்று பார்க்காமல் இழுத்தால் டோஸ் இரட்டிப்பாகிவிடும், இந்த மருந்தில் இரட்டிப்பு என்பது சிறிய விஷயம் இல்லை. அப்புறம், மீன் தொட்டிக்கு ஊற்றும் நீலத் திரவமும் மெத்திலீன் புளூதானே என்று யோசிப்பவர்களுக்கு: பெயர் ஒன்றுதான், தரமும் அடர்த்தியும் வேறு, அதை வாயில் ஊற்றுவது அடிபட்ட சிவப்பணுவை இன்னொரு முறை அடிப்பது. போட்ட பிறகு சிறுநீர் பச்சையாக, நீலமாக வந்தால் பயப்பட வேண்டாம், சாயம் வெளியேறுகிறது.

இரண்டையும் பூனைகளிலேயே நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 1995-இல் வந்தது. ஆண் பூனைகளுக்கு என்ஏசி மட்டும் கொடுப்பதே நல்லது, பெண் பூனைகளுக்கு மெத்திலீன் புளூ சேர்ப்பதால் பலன் இருக்கலாம் என்ற மாதிரியான முடிவுதான் அதில் கிடைத்தது. இதை வைத்து ஆண், பெண் என்று பிரித்துச் சிகிச்சையை முடிவு செய்ய நான் சொல்ல மாட்டேன், சோதனைச்சாலைப் பூனைகள் சில, அவ்வளவுதான். ஆனால் மெத்திலீன் புளூவைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பூனைக்கும் சேர்க்க வேண்டியதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எழுந்து நடக்கிற, ஈறு லேசாக மங்கிய பூனைக்கு என்ஏசியும் ஆக்சிஜனும் போதும். படுத்துவிட்ட, நாக்கு கறுத்த பூனைக்கு, மூன்று நாள் கழித்து வரப்போகும் ரத்தசோகையை எண்ணி இன்றைக்கு மெத்திலீன் புளூவை மறுப்பது தவறு. இன்று பிழைத்தால்தானே ரத்தசோகையைப் பற்றிப் பேச முடியும்.

காரணம் பாராசிட்டமால் இல்லை என்றால் வரிசையே மாறும், இதைப் பலர் கவனிப்பதில்லை. பென்சோகைன் கலந்த மரத்துப்போகச் செய்யும் ஸ்பிரே, களிம்பு, நைட்ரைட் உப்புகள், குளோரேட் களைக்கொல்லி இவற்றாலும் இதே நோய் வரும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் காட்டுப் பூனைகளைக் கட்டுப்படுத்த வைக்கும் பாரா-அமினோபுரோப்பியோபீனோன் இரையைத் தின்றாலும் இதுதான், அந்த விஷமே மெத்ஹீமோகுளோபினை உண்டாக்கித்தான் கொல்கிறது, அதுவும் மிக வேகமாக. இந்த வகைகளில் ஈரலைக் காப்பாற்றும் அவசரம் இல்லை, இரும்பைத் திருப்பும் அவசரம்தான், அதனால் நிலைமை மோசமென்றால் மெத்திலீன் புளூவுக்கே முன்னுரிமை. பென்சோகைன் களிம்பை நக்கிய பூனையை, தெம்பு இருந்தால், முதலில் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் மருந்து ஒரு பக்கம், விஷம் ஒரு பக்கம் என்று ஏறிக்கொண்டே இருக்கும்.

வைட்டமின் சி பற்றி நிறையப் பேர் நம்பிக்கையோடு கேட்கிறார்கள், வீட்டிலேயே இருக்கும் பொருள் ஆயிற்றே. கிலோவுக்கு 30 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கொடுப்பார்கள். மெத்ஹீமோகுளோபினைத் திருப்பும், உண்மைதான், ஆனால் ரொம்ப மெதுவாக. துணைக்கு இருக்கட்டும், அதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். எஸ்-அடினோசில்மெத்தியோனின் என்ற ஈரல் மருந்தும் துணைதான், ஆபத்து தாண்டிய பிறகு சில நாட்கள் கொடுப்பதில் தவறில்லை. பழைய குறிப்புகளில் சிமெட்டிடின் என்ற வயிற்று அமில மருந்தைப் பார்த்தால் தாண்டிப் போய்விடலாம், பூனையில் அதனால் பலன் எதிர்பார்க்க இடமில்லை.

ரத்தம் ஏற்றுவது மருந்துகளுக்குப் போட்டி இல்லை, அது வேறு பிரச்சினைக்கான விடை. ஹெய்ன்ஸ் உருண்டைகளால் சிவப்பணுக்கள் அழிந்து, ரத்தத்தில் அவற்றின் பங்கு 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, பூனை வெளிறிப்போய்ச் சோர்ந்துவிட்டால் ஏற்றத்தான் வேண்டும். முதல் நாளே மெத்ஹீமோகுளோபின் எக்கச்சக்கமாக ஏறி, கையில் மெத்திலீன் புளூவும் இல்லை என்றால், நல்ல ஹீமோகுளோபினை வெளியிலிருந்து கொடுக்க இதுவும் ஒரு வழி. ஆனால் பூனை ரத்தத்தில் ஏ, பி, ஏபி என்ற வகைகள் உண்டு, நாய்க்குச் செய்வதுபோல் முதல் தடவை வகை பார்க்காமல் ஏற்றிவிட முடியாது. பி வகைப் பூனையின் உடலில் ஏ வகைக்கு எதிரான கடுமையான எதிர்ப்பொருள் இயற்கையாகவே தயாராக இருக்கும், சில மில்லி தவறான ரத்தமே அதைக் கொன்றுவிடலாம். வகை பார்க்கும் அட்டை சில நிமிடங்களில் பதில் சொல்லிவிடும், அந்த நிமிடங்களைச் செலவழித்தே ஆக வேண்டும். பூனை ரத்தமே கிடைக்காத இடத்தில் நாய் ரத்தத்தை ஒரே ஒரு முறை ஏற்றுவதுண்டு. கேட்க விசித்திரமாக இருந்தாலும் அது சில நாட்கள் தாங்கும், அதற்குள் பூனை சொந்தமாகக் கொஞ்சம் ரத்தம் செய்துகொள்ளும். இரண்டாவது முறை மட்டும் ஏற்றவே கூடாது, உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரும்.

எங்கே போவது என்ற கேள்விக்கு, எது பக்கம் என்பதை விட எங்கே என்ஏசியும் ஆக்சிஜனும் இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டும் பக்கத்துக் கிளினிக்கில் இருந்தால் அங்கேயே முதல் டோஸ் போட்டுவிட்டு, பூனை கொஞ்சம் நிதானித்ததும் ரத்தம் ஏற்றும் வசதியுள்ள இடத்துக்கு மாற்றலாம். அங்கே என்ஏசி இல்லை என்றாலும் உடனே கைவிட வேண்டாம், மனிதர்களுக்கான மருந்துக்கடையிலும் மருத்துவமனையிலும் இந்த மருந்து இருக்கும், மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஒருவர் ஓடிப்போய் வாங்கி வரலாம். மூச்சுத் திணறும் பூனையோடு, ஆக்சிஜன் இல்லாத வண்டியில், பெரிய மருத்துவமனை என்ற பெயருக்காக நெடுந்தூரம் போவதுதான் இருக்கும் தேர்வுகளில் மோசமானது. 'மாத்திரையை நக்கித்தான் பார்த்தது, காலை வரை பார்ப்போம்' என்று காத்திருப்பதும் அதே ரகம், அறிகுறி எதுவும் இல்லாத அந்த நேரத்தில் கொடுக்கும் என்ஏசிக்குத்தான் பலன் அதிகம்.

முதல் 24 மணி நேரம் தாண்டி, ஈறு மறுபடி சிவந்து, பூனை சாப்பிடத் தொடங்கிவிட்டது என்று வீட்டுக்கு அழைத்துவந்த பிறகும் மூன்று நான்கு நாட்களுக்கு ரத்த அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், மெத்திலீன் புளூ போட்டிருந்தால் கட்டாயம். அந்த நாட்களில் வீட்டில் பார்க்க வேண்டியது பழுப்பு நிறத்தை இல்லை, வெளுப்பை. ஈறு வெள்ளையாகிக்கொண்டே போனாலோ, கண் வெண்படலம் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் வந்தாலோ அன்றைக்கே திரும்பப் போங்கள். ஈரல் பரிசோதனையையும் அந்த ரத்தத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

விதிவிலக்காக ஒரு வகைப் பூனை இருக்கிறது. பிறவியிலேயே இரும்பைத் திருப்பும் நொதி குறைந்த பூனைகள், எப்போதும் ஈறு நீலம் பூத்தே இருக்கும், ஆனால் துள்ளி விளையாடும், நன்றாகச் சாப்பிடும். கருத்தடை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போதுதான் நிறத்தைப் பார்த்து எல்லோரும் பதறுவார்கள். அவற்றில் பலவற்றுக்கு எந்த மருந்தும் வேண்டாம், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும், பென்சோகைன் ஸ்பிரேயை அதன் தொண்டையில் அடித்துவிடாமல் இருக்க.